ஐந்தாம் ஜோடி

பஸ்ஸில் பதினெட்டுப் பேர். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை அத்தனை பேரையும் இறக்கி ஏற்றுவது கைடுடைய வேலை. ஒருவரை எங்காவது விட்டுவிட்டுப் போனால் கைடு பிழைப்பு என்ன ஆவது? அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். "தலையை எண்ணினா தப்பு வரும் சார். ஒருத்தர் குனிஞ்சு செருப்பு மாட்டிட்டு இருப்பார், ஒருத்தர் படுத்துத் தூங்குவார். நான் ஜோடியைத்தான் எண்ணுவேன்" என்று முதல் நாளே மைக்கில் சொல்லிவிட்டார்.

ஒன்பது ஜோடி. ஜோடிக்கு ஒரு நம்பர். ஜோடியில் ஒருவருக்கு இன்று பொறுப்பு என்றால் மற்றவருக்கு நாளை. நம்பரைக் கூப்பிட்டதும் அன்றைய பொறுப்பாளி தன் ஜோடி ஏறியாச்சா என்று பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். ஒன்பது பதிலும் வந்த பிறகுதான் டிரைவர் கியரில் கை வைப்பார். பதினேழு வருஷமாக இந்த முறையில் ஒரு ஆளைக்கூடத் தொலைத்ததில்லை என்று கைடுக்குப் பெருமை. இருக்கட்டும். ஆனால் பேச்சுவார்த்தை இல்லாத ஜோடி ஒன்று அந்தப் பதினேழு வருஷத்தில் அவர் பஸ்ஸில் ஏறியதில்லை.

இந்தத் தடவை ஏறியிருந்தது. ஐந்தாம் ஜோடி, தையல் டீச்சரும் அவளுடைய நாத்தனாரும்.

டீச்சர் பெண்கள் பள்ளியில் முப்பத்தோரு வருஷம் தையல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். நாத்தனார், அதாவது டீச்சரின் கணவருடைய தங்கை, ஒரு சின்ன தபால் ஆபீஸில் போஸ்ட்மாஸ்டராக இருந்தவள். கல்யாணமே வேண்டாம் என்று இரண்டு தெரு தள்ளித் தனி வீட்டில் ராணி மாதிரி இருப்பவள். இருவருக்கும் ஒரே வயது. அண்ணி என்று கூப்பிட்டாலும் வா, போ என்றுதான் பேச்சு. டீச்சரின் கணவருக்குத் தெரியாத விஷயம்கூட நாத்தனாருக்குத் தெரியும். அப்படி இருந்தவர்கள் மூன்று வருஷமாக ஒரு வார்த்தை பேசவில்லை.

காரணம் ஒரு ஜாக்கெட். சிரிக்க வேண்டாம். முப்பது வருஷமாக நாத்தனார் போட்ட ஒவ்வொரு ஜாக்கெட்டையும் தைத்தது டீச்சர். அளவு ஜாக்கெட் கூடத் தேவையில்லை, ஆளைப் பார்த்தே துணியை வெட்டிவிடுவாள். அப்பேர்ப்பட்ட நாத்தனார், டீச்சர் மகளின் கல்யாணத்துக்குக் கடையில் தைத்த ஜாக்கெட்டில் வந்து நின்றாள். முதுகில் ஜன்னல் வேறு. அதோடு விட்டாளா? நாலு பேர் காதுபட, "கடைத் தையல்தான். தோள்பட்டை எப்படி உட்கார்ந்திருக்கு பாருங்க" என்றாள். டீச்சர் அன்றைக்கு முகத்தைத் திருப்பினவள்தான். காரணமும் சொல்லவில்லை. காரணம் சொல்லாமல் ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டால் அடுத்தவளுக்குக் கோபம் வராதா? நாத்தனாரும் திருப்பிக்கொண்டாள். கழுத்து வலிக்க வலிக்க மூன்று வருஷம் ஓடிவிட்டது.

இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவர் டீச்சரின் கணவர். அவர் ஒரு வேலை செய்தார். மனைவியிடம் "நாம ரெண்டு பேரும் டூர் போறோம்" என்றார். தங்கையிடமும் அதையே சொன்னார். டிக்கெட் எல்லாம் அவர் கையில்தான் இருந்தன. விமான நிலைய வாசலில் இருவரையும் எதிரெதிரே நிறுத்தி, "எனக்கு முழங்கால் வலி. நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு ஓடியே போய்விட்டார். அந்த ஓட்டத்தைப் பார்த்தால் முழங்கால் வலிக்காரர் மாதிரித் தெரியவில்லை.

திரும்பிப் போகலாம் என்றால், நான் ஏன் போக வேண்டும், அவள் போகட்டுமே என்று இரண்டு பேருக்கும் தோன்றியது. ஆகவே இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். ஒரே அறை. அறையில் நாத்தனாருக்கு ஃபேன் வேகமாக ஓட வேண்டும், டீச்சருக்கு மெதுவாக ஓட வேண்டும். சாயங்காலம் கணவர் போன் செய்ததும் டீச்சர் பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்கும்படி, "உங்க தங்கச்சிகிட்ட ஃபேனைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க" என்பாள். அவர் போனை வைத்துவிட்டுத் தங்கைக்குப் போன் செய்வார். மூன்றடி தூரத்துக் கட்டிலுக்குப் போக வேண்டிய செய்தி கடல் தாண்டிப் போய்த் திரும்பி வரும். நாத்தனார் ஒரு புள்ளி குறைப்பாள். ஒரே ஒரு புள்ளி.

இதைத் தவிர மற்றதெல்லாம் குறையில்லாத பயணம். பச்சை என்றால் அப்படி ஒரு பச்சையை டீச்சர் எந்தப் புடவைக் கடையிலும் பார்த்ததில்லை. ஒரு இலையை விரித்தால் அதன்மேல் பாவாடைக்குத் துணி வெட்டலாம், அத்தனை பெரிசு. ஆற்றின் இரு கரையிலும் வேரை முட்டிவரை தூக்கிக்கொண்டு மரங்கள் நின்றன. தினமும் மத்தியானம் மழை கொட்டும். அரை மணியில் வெறித்து, எதுவுமே நடக்காத மாதிரி வெயில் அடிக்கும். முன் சீட்டில் இருந்த ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் அந்த மழையை வைத்துத் தன் கைக்கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொண்டார். "ரெண்டு நிமிஷம் லேட்" என்று ஒரு நாள் மழையைக் கண்டித்தார்.

டீச்சருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரே ஒரு கஷ்டம். குரங்கு ஒன்று ஸ்டேஷன் மாஸ்டரின் தொப்பியைப் பிடுங்கித் தான் போட்டுக்கொண்டபோதும், நீல நிறத்தில் உள்ளங்கை அகலப் பட்டாம்பூச்சி ஒன்று ஜன்னல் கண்ணாடியில் வந்து உட்கார்ந்தபோதும் "ஏய், இங்க பாரேன்" என்று சொல்ல வாய் திறந்துவிடும். பிறகு கஷ்டப்பட்டு மூட வேண்டும். யாரிடம் சொல்வது? சொல்ல வேண்டியவள் பின் சீட்டில்தான் இருந்தாள். நாத்தனார் எப்போதும் டீச்சருக்கு நேர் பின் சீட்டில்தான் உட்காருவாள். பக்கத்தில் உட்கார மானம் இடம் கொடுக்கவில்லை, தூரத்தில் உட்கார மனம் இடம் கொடுக்கவில்லை போல.

ஜோடிக் கணக்கிலும் இதே கூத்துதான். நாத்தனாரின் முறை வந்தால் பஸ் கூரையைப் பார்த்து, "ஏறியாச்சு" என்பாள். டீச்சரின் முறை வந்தால் பின்னால் திரும்பாமல், பெட்டி படுக்கையைச் சொல்கிற மாதிரி, "இருக்கு" என்பாள். திரும்பிப் பார்த்தால்தானே தோல்வி. பின்னாலிருந்து ஒரு கனைப்பு, பை ஜிப்பை இழுக்கிற சத்தம், ஏதாவது ஒன்று கேட்கும். அது போதும் டீச்சருக்கு.

ஆறாம் நாள் டீச்சரின் முறை. அன்று மலைக்காட்டில் ஒரு கண்காணிப்புக் கோபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். பாதையில் பத்து நிமிஷம் நடந்து, மரப்படி ஏறினால் மேலே பலகைத் தளம். எதிரே இருக்கிற ஒரு பெரிய மரத்தில் இருவாச்சிப் பறவை கூடு கட்டியிருக்கிறது, பொறுமையாக நின்றால் பார்க்கலாம் என்றார் கைடு. இருபது நிமிஷம் நின்றார்கள். கொசுதான் வந்தது. மூன்று மணிக்கு ஏரியில் படகு சவாரி. அதுதான் அன்றைய பெரிய அயிட்டம். ஸ்டேஷன் மாஸ்டர் கடிகாரத்தைத் தட்டிக் காட்ட, கூட்டம் இறங்கிப் பஸ்ஸுக்கு நடந்தது.

"அஞ்சு?" என்றார் கைடு.

பின் சீட்டில் ஏதோ தொப்பென்று விழுந்தது. பை வைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள் டீச்சர்.

"இருக்கு."

பஸ் கிளம்பியது.

வளைவு வளைவாக மலை இறங்கியது. அரை மணி ஆகியிருக்கும். டீச்சர் மடியில் பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள். இதுவும் தினசரி நடக்கிற ஒன்றுதான். மொறுமொறு என்று சத்தம் வருகிற மாதிரி சாப்பிடுவாள், பின்னால் நீட்ட மாட்டாள். நாத்தனார் அதற்கு "ம்க்கும்" என்று ஒரு சத்தம் கொடுப்பாள். அந்தச் சத்தத்தைக் கேட்டால்தான் டீச்சருக்குப் பிஸ்கட் இனிக்கும். அன்று ஒரு பிஸ்கட் போனது. இரண்டு போனது. மூன்றாவதை வேண்டுமென்றே காதருகில் வைத்து உடைத்தாள். பின்னால் ஒன்றும் இல்லை. தூங்குகிறாளா? தூங்கினால் குறட்டை கேட்குமே. மழை வேறு பிடித்துக்கொண்டது.

மூன்று வருஷத்தில் முதல் தடவையாக டீச்சர் திரும்பிப் பார்த்தாள்.

சீட்டில் ஒரு பை. கீழே விழுந்து கிடந்த ஒரு குடை. வேறு ஒன்றும் இல்லை.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று டீச்சர் எழுந்தபோது பிஸ்கட் டப்பா உருண்டு டிரைவர் காலடிவரை போய்விட்டது. கைடு ஓடி வந்து பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. நாத்தனாரின் நம்பருக்குப் போன் செய்தார். அது அந்தப் பைக்குள்ளேயே மணியடித்தது. பையைத் திறந்தால் போனோடு சர்க்கரை மாத்திரையும் இருந்தது.

மலைப்பாதையில் நினைத்த இடத்தில் பஸ்ஸைத் திருப்ப முடியுமா? இன்னும் நாலு கிலோமீட்டர் கீழே போனால்தான் அகலமான இடம். அதுவரை பஸ் நாத்தனாரைவிட்டுத் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. டிரைவருக்கு இவர்கள் பாஷை தெரியாது, ஆனால் டீச்சரின் முகத்தைப் படிக்கத் தெரிந்திருந்தது. இடம் கிடைத்ததும் ஒரே ஒடிப்பில் திருப்பினார்.

"படகு போச்சு" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். "ஏன்யா, இதுதானா உம்ம பதினேழு வருஷ முறை? கம்பெனிக்கு எழுதத்தான் போறேன்."

"எழுதுங்க சார். என் தப்புதான். நானே ஒரு தடவை நடந்து பாத்திருக்கணும்" என்றார் கைடு. தலை குனிந்து நின்றார்.

டீச்சர் வாயைத் திறக்கவில்லை. பெட்டிப் பாம்பாக உட்கார்ந்திருந்தாள். இதுவும் உண்மை, மறைத்துப் பயனில்லை. மூன்று வளைவுவரை உட்கார்ந்திருந்தாள். கைடு இன்னொரு தடவை "மன்னிச்சுக்குங்க" என்று எல்லோரையும் பார்த்துக் கைகூப்பியதும் அவளால் தாங்க முடியவில்லை.

"அவர் தப்பு இல்லை" என்றாள். "நான்தான் பாக்காம சொல்லிட்டேன்."

ஏழாம் ஜோடியில் புதுசாகக் கல்யாணமான பெண் ஒருத்தி இருந்தாள். விவரம் தெரியாத நல்ல பெண். "ஏன் ஆன்ட்டி பாக்கலை?" என்று கேட்டுவிட்டாள்.

"நாங்க பேசிக்கறதில்லை."

"ஏன் ஆன்ட்டி?"

பதினாறு முகங்கள் டீச்சரைப் பார்த்தன. மூன்று வருஷமாக மனசுக்குள் மலை மாதிரி வைத்திருந்த விஷயம். வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொன்னாள். "என் பொண்ணு கல்யாணத்துக்கு அவ ஜாக்கெட்டைக் கடையில குடுத்துத் தைச்சுட்டா."

மேற்கொண்டு ஏதாவது வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். டீச்சரும் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. அவ்வளவுதான் விஷயம். சொல்லி முடித்த பிறகு அது எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று டீச்சருக்கே வெட்கமாகிவிட்டது. காட்டில் தன்னந்தனியாக மாத்திரை இல்லாமல் ஒருத்தியை விட்டு வந்ததற்கு இதுவா காரணம்?

ஸ்டேஷன் மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "என் தம்பியோட நான் பேசி ஒன்பது வருஷமாச்சு. ஒரு ஏணிக்காக" என்றார். அவர் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். அதன் பிறகு படகைப் பற்றியோ கம்பெனிக்கு எழுதுவதைப் பற்றியோ அவர் பேசவில்லை.

டீச்சர் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவளுக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. ஜாக்கெட்டுக்குக் கோபித்தது சமாளிக்கக்கூடிய விஷயம். விட்டுவிட்டு வந்தது அப்படி இல்லை. நாத்தனார் இனிமேல் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதில் நியாயம் இருக்கும். நியாயமான கோபத்தை யார் என்ன செய்ய முடியும்? எங்கேயாவது சறுக்கி விழுந்திருந்தால்? அழுதுகொண்டு நின்றிருந்தால்? அவளை இழந்துவிட்டுப் பிஸ்கட் டப்பாவோடு ஊர் திரும்பினால், பிறகு மிச்ச நாளெல்லாம் எதற்கு?

பஸ் நின்றதும் முதலில் இறங்கியது டீச்சர்தான். மழை அப்போதுதான் விட்டிருந்தது. பத்து நிமிஷப் பாதையை ஐந்து நிமிஷத்தில் நடந்தாள். அறுபத்திரண்டு வயசு, இரண்டு கையிலும் மாத்திரைப் பையை இறுக்கிக்கொண்டு நடந்தாள். கைடும் ஸ்டேஷன் மாஸ்டரும் பின்னால் மூச்சிரைக்க வந்தார்கள். மரப்படியில் ஏறும்போது அவளுக்குக் கண் மங்கியது.

மேலே பலகைத் தளத்தில் காட்டுக் காவலர் ஒருவர் நின்றிருந்தார். அவருடைய மழைக்கோட்டைப் போர்த்திக்கொண்டு, அவருடைய ஸ்டூலில், அவருடைய பிளாஸ்க் மூடியில் ஏதோ குடித்துக்கொண்டு, சௌகரியமாக உட்கார்ந்திருந்தாள் நாத்தனார்.

"நான்..." என்று ஆரம்பித்தாள் டீச்சர்.

"ஷ்!" என்றாள் நாத்தனார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையை மட்டும் நீட்டி டீச்சரின் தாடையைப் பிடித்து மரத்தின் பக்கம் திருப்பினாள்.

கறுப்பாக, பெரிசாக, மூக்குக்கு மேல் இன்னொரு மூக்கு வைத்த மாதிரி ஒரு பறவை மரத்தண்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. தண்டில் மண் பூசி அடைத்த ஒரு பொந்து. நடுவில் ஒரு சந்து மட்டும் திறந்திருந்தது. சந்து வழியாக இன்னொரு அலகின் நுனி எட்டிப் பார்த்தது. வெளியே இருந்த பறவை தொண்டையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து உள்ளே போட்டது. பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று.

"உள்ள இருக்கறது பொண்டாட்டி" என்று நாத்தனார் கிசுகிசுத்தாள். "குஞ்சு வளர்ற வரைக்கும் வெளியவே வரமாட்டாளாம், காவலர் ஜாடையிலயே சொல்லிட்டார். எல்லாத்தையும் இவன்தான் கொண்டாந்து போடணும். அந்த ஓட்டையைப் பாரேன், நம்ம தபால் பெட்டி வாய் அளவு. நீங்கள்லாம் இறங்கினப்ப உள்ள மூக்கு அசைஞ்சுது. டெலிவரியைப் பாக்காம நான் எப்படி எழுந்து வர்றது?"

பதினேழாவது பழம்வரை நாத்தனார் எண்ணினாள். பறவை இறக்கையை விரித்துக் கிளம்பியபோது காடே அதிர்கிற மாதிரி சத்தம். "கூட்ஸ் வண்டி!" என்றார் படியில் நின்ற ஸ்டேஷன் மாஸ்டர், கடிகாரத்தைப் பார்க்க மறந்து.

பறவை போன பிறகு டீச்சர் தரையில், ஈரப் பலகையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் திரும்பிப் பாக்கலை. பாக்காமலே இருக்குன்னு சொல்லிட்டேன். கைடு மேல தப்பே இல்லை."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"இங்கேர்ந்து பஸ் நல்லாத் தெரியுது. போறதைப் பாத்துட்டேதான் இருந்தேன். இன்னிக்கு உன் முறை. நீ என்னிக்குத் திரும்பிப் பாத்துச் சொன்ன?" நாத்தனார் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டாள். "எனக்கு ஒண்ணு மட்டும் புரியலை. எதுக்கு இந்த மூணு வருஷம்?"

"ஜாக்கெட்" என்றாள் டீச்சர், காதில் விழுந்தும் விழாத குரலில்.

"எந்த ஜாக்கெட்?"

"கடைத் தையல். முதுகுல ஜன்னல் வச்சது."

நாத்தனார் சற்று நேரம் யோசித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கண்டுபிடித்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அடிப்பாவி. உனக்குக் கல்யாண வேலை தலைக்கு மேல கிடந்துது. அந்த நேரத்துல என் துணியையும் கொண்டு வந்து நீட்டச் சொல்றியா? நல்லா இருக்குன்னு சொன்னாத்தான் நீ நிம்மதியா இருப்பன்னு சொன்னேன். சாப்பிடக் கையைத் தூக்கினா அக்குள்ள தையல் பட்டுனு விட்டுப்போச்சு. சாயங்காலம் வரைக்கும் கையை இறக்கிட்டு பொம்மை மாதிரி நின்னேன். கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே?"

டீச்சர் அழுதாள். கைடும் ஸ்டேஷன் மாஸ்டரும் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் அழுதாள். "பஸ் போறதைப் பாத்தேங்கற. உனக்குப் பயமா இல்லையா? வராமலே போயிட்டா என்ன பண்றதுன்னு தோணலையா?"

"முதல்ல கொஞ்சம் திக்குனு இருந்துது. அப்புறம் யோசிச்சுப் பாத்தேன்." நாத்தனார் பிளாஸ்க் மூடியை அவளிடம் நீட்டினாள். "நான் இல்லாம நீ யார்கூடப் பேசாம இருப்ப? அரை மணிக்கு மேல உன்னால தாங்க முடியாது, தானா வந்துடுவன்னு உட்கார்ந்துட்டேன்."

டீச்சருக்கு அழுகையோடு சிரிப்பும் வந்து, குடித்தது புரையேறிவிட்டது. நாத்தனார் அவள் தலையில் தட்டினாள். கொஞ்சம் பலமாகவே தட்டினாள்.

"ஒண்ணேகால் மணி ஆச்சு" என்றாள் பிறகு. "அதுதான் எனக்கு வருத்தம்."

"பஸ்ஸைத் திருப்ப இடம் கிடைக்கலைடி!"

"எப்ப தெரிஞ்சுது உனக்கு? அதைச் சொல்லு முதல்ல."

"அரை மணியில."

"சரியா?"

"மூணாவது பிஸ்கட்ல."

"மூணா? மூணு பிஸ்கட் வரைக்குமா உனக்குத் தோணலை?"

கைடு இரண்டு தடவை விசில் ஊதினார். காவலர் பறவை திரும்பி வரப்போகிறது என்று ஜாடை காட்டி, உதட்டில் விரல் வைத்துப் பார்த்தார். ஐந்தாம் ஜோடி இரண்டையும் கவனிக்கவில்லை. மூன்று வருஷத்துப் பேச்சு பாக்கி இருந்தது.